நகர நடுவில் ஜெர்மன் மணிகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நகர மையங்களில் ஜெர்மன் குடியேறிகள் நிறுவிய லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிப் புராட்டஸ்டன்ட்) சபைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த டவுன்டவுனில், சுற்றிலும் வீடே இல்லாத இடத்தில், பழைய ஜெர்மன் லுத்தரன் ஆலயம் ஒன்று நிற்கிறது. ஆள் இல்லாத இடத்தில் ஏன் கட்டினார்கள்?
– வாசகர், ஒஹாயோ

ப: கட்டியபோது அங்கே ஆள் இருந்தார்கள். டிராம் வண்டிகள் பரவும்வரை வேலைக்கும் கோயிலுக்கும் நடந்துதான் போக வேண்டும். தையற்காரர், தச்சர், பீர் வடிப்பவர், ரொட்டிக்காரர் எல்லோரும் பட்டறைக்கு மேலேயோ பின்னாலேயோ குடியிருந்தார்கள். நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதிக்கு ‘கிளைன்டாய்ச்லாண்ட்’, அதாவது குட்டி ஜெர்மனி என்றே பெயர். சின்சினாட்டியில் கால்வாய்க்கு அப்பால் ஜெர்மானியர் குடியேறிய பகுதி இன்றும் ‘ஓவர் தி ரைன்’தான். பிற்பாடு மக்கள் புறநகருக்குப் போனார்கள், நிலத்தின் விலை ஏறியது, அலுவலகங்கள் வந்தன. ஆலயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லா ஜெர்மானியரும் ஒரே காரணத்துக்காகவும் வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலம் தேடியவர்கள். 1817-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் லுத்தரன், சீர்திருத்த (கால்வின் வழி) சபைகள் இரண்டையும் ஒன்றாக இணைக்கத் தொடங்கினார். அதை ஏற்காத ‘பழைய லுத்தரர்’ 1838, 1839-இல் பஃபலோவுக்கும் மில்வாக்கிக்கும் கிளம்பினார்கள். அதே 1838 நவம்பரில் சாக்சனியிலிருந்து ஒரு கூட்டம் பிரெமன் துறைமுகத்தில் ஐந்து கப்பல்களில் ஏறியது. ‘அமாலியா’ என்ற கப்பல் கடலில் காணாமல் போனது. மற்ற நான்கும் நியூ ஆர்லியன்ஸ் சேர, அங்கிருந்து ஆற்று வழியாக மிசூரிக்குப் போனார்கள். ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்ற பிறகு வந்தவர்களில் பலருக்குக் கோயில் பக்கமே நாட்டமில்லை. 1880-களில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வந்து இறங்கினார்கள். நகர மையங்களில் நாம் பார்க்கும் பெரிய செங்கல் ஆலயங்கள் பலவற்றை நிரப்பியது இந்தக் கடைசி அலைதான்.

சபை உருவாகும் விதம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. முதலில் இரவல் இடம். செயின்ட் லூயிஸின் டிரினிட்டி சபை (1839) சொந்த ஆலயம் கட்டும்வரை எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயம் ஒன்றின் நிலவறையில் ஆராதித்தது. அடுத்து, ஒரு சபை விதிமுறை எழுதி வயது வந்த ஆண்கள் கையொப்பம் இடுவார்கள். ஓட்டு அவர்களுக்கு மட்டுமே. மூன்றாவது, சொத்தை வைத்திருக்க அறங்காவலர்களைத் தேர்ந்தெடுத்து மாநில அரசில் பதிவு செய்வார்கள். நான்காவது, பள்ளிக்கூடம். பல ஊர்களில் ஆலயத்துக்கு முன்பே பள்ளி எழும்பிவிட்டது, அல்லது ஒரே கட்டடம் இரண்டுக்கும் உதவியது. ஆலயம் அதற்குப் பிறகுதான். கடன், உறுப்பினர் வாக்குறுதித் தொகை, இருக்கை வாடகை என்று பணம் சேர்ப்பார்கள். கோபுரத்தை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட சபைகள் ஏராளம். ஆலயத்தின் செங்கல்லும் கோபுரத்தின் செங்கல்லும் நிறம் மாறியிருந்தால் இந்தக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கே: எங்கள் நகரத்து ஆலயத்தின் மூலைக்கல்லில் சபையின் பெயருக்குப் பின்னால் ‘யு.ஏ.சி.’ என்று மூன்று எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டியவரின் பெயரா?
– வாசகி, இண்டியானா

ப: இல்லை. ‘மாற்றப்படாத அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை’ என்பதன் சுருக்கம். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் படிக்கப்பட்ட அறிக்கையை லுத்தரின் கூட்டாளி மெலாங்க்தன் 1540-இல் திருத்தி வெளியிட்டார். திருவிருந்து பற்றிய பகுதியில் சீர்திருத்த சபையாரும் ஒப்புக்கொள்ளும்படி சொற்களை நெகிழ்த்தியிருந்தார். அந்தத் திருத்தம் எங்களுக்கு வேண்டாம், 1530-இன் வாசகமே போதும் என்பதன் அறிவிப்பு அந்த மூன்று எழுத்து. பிரஷ்ய மன்னரின் இணைப்பிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இது வெறும் சடங்குச் சொல் அல்ல, சொத்துரிமை வாசகமும்கூட. சபை இரண்டாகப் பிரிந்தால் ஆலயம் இந்த அறிக்கையைப் பற்றி நிற்பவர்களுக்கே என்று பல விதிமுறைகள் சொல்லின. கல்லில் வெட்டியதன் காரணம் புரியும்.

கே: முதல் உலகப் போரில் ஜெர்மன் மொழியைத் தடை செய்ததால்தான் இந்த ஆலயங்கள் ஆங்கிலத்துக்கு மாறின என்று படித்தேன். சரிதானா?
– வாசகர், இல்லினாய்

ப: பாதி சரி. உலகப் போர் சவப்பெட்டியில் அறைந்த கடைசி ஆணி. பெட்டியை அதற்கு முன்பே பிள்ளைகள் செய்து முடித்திருந்தார்கள்.

சண்டை எவ்வளவு பழையது என்பதற்கு ஃபிலடெல்ஃபியா சாட்சி. அங்கே செயின்ட் மைக்கேல், சீயோன் என்ற இரு ஆலயங்களும் ஒரே ஜெர்மன் சபைக்குச் சொந்தம். சீயோன் ஆலயம் நகரத்தின் மிகப் பெரிய கூடம். அதனால்தான் 1799 டிசம்பர் 26 அன்று ஜார்ஜ் வாஷிங்டனுக்கான நாடாளுமன்ற அஞ்சலி அங்கே நடந்தது. இவ்வளவு மதிப்புள்ள சபை, ஆங்கிலத்தில் ஆராதனை வேண்டுமா என்ற கேள்வியில் 1806-இல் உடைந்தது. ஆங்கிலக் கட்சிக்குத் தலைவர் போர்த் தளபதி பீட்டர் மூலன்பர்க். அமெரிக்க லுத்தரன் திருச்சபையை ஒழுங்குபடுத்திய ஹென்றி மெல்க்கியோர் மூலன்பர்க்கின் மகன் அவர். அப்பா ஜெர்மன் சபையைக் கட்டினார். மகன் ஆங்கிலம் கேட்டு ஓட்டில் தோற்று, தன் பக்கத்தாருடன் வெளியேறி செயின்ட் ஜான் சபையை நிறுவினார். உலகப் போருக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

மறு பக்கமும் உண்டு. 1847 ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் உருவான மிசூரி சினட் என்ற லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பு, தன் மாநாடுகளில் ஜெர்மன் மட்டுமே பேசப்பட வேண்டும் என்று விதியே எழுதியது. மொழி போனால் உபதேசமும் நீர்த்துவிடும் என்பது அவர்கள் பயம். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த மொழியிலேயே விசுவாசம் வேரூன்றும் என்று நம்பினார்கள். ஆனால் பத்து வயதில் தெருவில் ஆங்கிலம் பேசும் பிள்ளை, பதினான்கு வயதில் திடப்படுத்தலுக்கு (முழு உறுப்பினராகும் சடங்கு) ஜெர்மனில் ஒப்பித்தாலும், இருபது வயதில் ஆங்கிலம் பேசும் பெண்ணைக் கட்டிக்கொண்டு வேறு சபைக்குப் போய்விடும். இதைத் தடுக்கச் சபைகள் செய்தது ஏறக்குறைய எங்கும் ஒரே வரிசை: முதலில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆங்கில ஆராதனை, பிறகு ஆங்கில ஞாயிறு பள்ளி, பிறகு காலையில் இரு மொழிகளிலும் அடுத்தடுத்து, கடைசியில் ஜெர்மன் அதிகாலைக்குத் தள்ளப்படுதல். சபைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் இந்த நான்கு படிகளையும் தேதியோடு தேடிப் பாருங்கள். குறிப்புகளே எந்த ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறின என்பதையும் கவனியுங்கள். ஆராதனை மொழி மாறியதைவிட அது உண்மையான அளவுகோல்.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 1917 வந்தது. அந்த ஆண்டிலேயே மிசூரி சினட் தன் பெயரிலிருந்து ‘ஜெர்மன்’ என்பதை நீக்கியது. 1918 மே 23 அன்று அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆராதனையிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். தொலைபேசியில்கூட! நெப்ராஸ்காவில் 1919-இல் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிப்பதே குற்றமானது. ஹாம்ப்டன் ஊரின் சீயோன் லுத்தரன் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயர், 1920 மே 25 அன்று பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வேதாகமக் கதை படிப்பித்ததற்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் 1923 ஜூன் 4 அன்று அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பெற்றோரின் கல்வி உரிமை பற்றிய அமெரிக்க வழக்குகளில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. சட்டத்தில் ஜெர்மன் ஜெயித்தது. வகுப்பறைக்கு அது பெரிதாகத் திரும்பவில்லை.

கே: நியூயார்க்கின் குட்டி ஜெர்மனி ஒரு கப்பல் விபத்தால் அழிந்தது என்கிறார்களே?
– வாசகி, நியூ ஜெர்சி

ப: ‘ஜெனரல் ஸ்லோகம்’ நீராவிக் கப்பலைச் சொல்கிறீர்கள். கிழக்கு 6-ஆம் தெருவிலிருந்த செயின்ட் மார்க்ஸ் லுத்தரன் சபை தன் வருடாந்தர உல்லாசப் பயணத்துக்காக அதை 350 டாலருக்கு வாடகைக்கு எடுத்தது. நாள் 1904 ஜூன் 15, புதன்கிழமை. வேலை நாள் ஆனதால் ஆண்கள் வரவில்லை; ஏறியவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். சுமார் 1,350 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தீ பிடித்தது முன்புற விளக்கு அறையில். வைக்கோலும் எண்ணெய்த் துணியும் அங்கே கிடந்தன. அதன் பிறகு தவறியவை ஒவ்வொன்றும் பராமரிப்புத் தவறு. தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் மட்கிய குழாய் வெடித்துக் கிழிந்தது. உயிர்காப்பு உடைகளுக்கு வயது 13; உள்ளே இருந்த தக்கை பொடியாகி மிதக்கும் தன்மையை இழந்திருந்தது. அணிந்தவர்கள் மூழ்கினார்கள். படகுகளை இறக்க முடியாதபடி கட்டி வைத்திருந்தார்கள். மாலுமிகளுக்குத் தீயணைப்புப் பயிற்சி கிடையாது. கப்பலைக் கிழக்கு ஆற்றிலுள்ள நார்த் பிரதர் தீவு நோக்கி ஓட்டியபோது எதிர்க்காற்று தீயைப் பின்னால் நின்றவர்கள் மேலேயே தள்ளியது. இத்தனைக்கும் ஒரு மாதம் முன்புதான் அரசு ஆய்வாளர் கப்பலுக்குச் சான்று கொடுத்திருந்தார்.

‘இதனால்தான் பகுதி அழிந்தது’ என்பது எளிமைப்படுத்தல். வசதி பெற்ற ஜெர்மானியர் அதற்கு முன்பே வடக்கே யார்க்வில் பக்கம் நகரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சபையின் தாய்மாரும் பிள்ளைகளும் ஒரே காலையில் போனபோது எஞ்சியவர்களுக்கு அங்கே இருக்கக் காரணமில்லாமல் போனது. மெதுவாக நடந்துகொண்டிருந்தது சட்டென்று முடிந்தது. ஆலயக் கட்டடம் 1940-இல் யூதர்களின் தொழுகைக் கூடமானது. இன்றும் நிற்கிறது. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் 1906-இல் வைத்த சிறிய நினைவு நீரூற்றும் உண்டு.

கே: வானளாவிக் கட்டடத்தின் காலடியில் இருக்கும் லுத்தரன் ஆலயம் ஒன்றால்தான் அந்தக் கட்டடமே ஆபத்தில் மாட்டியது என்பது உண்மையா?
– பொறியியல் மாணவர், டெக்சஸ்

ப: ஆலயத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. நடந்தது இது. 1862-இல் ஜெர்மன் குடியேறிகள் நிறுவிய செயின்ட் பீட்டர்ஸ் சபைக்கு மான்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவும் 54-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் ஆலயம் இருந்தது. சிட்டிகார்ப் வங்கி அந்த மனைத் தொகுதி முழுவதையும் கேட்டது. மற்ற பல நகர சபைகள் விற்றுவிட்டுப் புறநகர் போனபோது, இவர்கள் நிபந்தனையோடு விற்றார்கள்: அதே மூலையில் புதிய, தனித்து நிற்கும் ஆலயம் வேண்டும், வங்கிக் கட்டடத்தின் தூண் எதுவும் அதன் வழியாக இறங்கக் கூடாது.

மூலையில் ஆலயம் என்றால் மூலையில் தூண் வைக்க முடியாது. பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர் 59 மாடிக் கட்டடத்தை நான்கு பெரிய கால்களில், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்றாக, சுமார் 35 மீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தினார். நான்கு மூலைகளும் அந்தரத்தில் நிற்கும். சுவருக்குப் பின்னால் ‘வி’ வடிவச் சாய்வு உத்திரங்கள் பாரத்தை நடுக் கால்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கட்டடமும் ஆலயமும் 1977-இல் முடிந்தன.

1978-இல் சிக்கல் தெரிந்தது. வழக்கமான கட்டடத்துக்குச் சுவருக்கு நேராக அடிக்கும் காற்றுதான் கடினமானது. கால்கள் நடுவில் இருக்கும் இந்தக் கட்டடத்தில், மூலையை நோக்கிக் குறுக்காக அடிக்கும் காற்று சில உத்திரங்களில் இழுவையை 40 சதவீதம் கூட்டுகிறது என்று மறுகணக்கில் வந்தது. வரைபடத்தில் பற்றவைப்பு என்று இருந்த இணைப்புகள் செலவைக் குறைக்க போல்ட்டாக மாற்றப்பட்டிருந்தன. கூடிய இழுவை போல்ட்டுகளைத்தான் சோதிக்கும். அந்த ஆண்டு சூறாவளிக் காலத்தில் இரவு இரவாக 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் 2 அங்குல எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது 1995-இல். ஆலயத்தின் நிபந்தனை கால்களின் இடத்தைத்தான் மாற்றியது. போல்ட்டை அது கேட்கவில்லை.

இதே சபைதான் ஜாஸ் இசைக் கலைஞர்களுக்கென்று போதகரை வைத்தது. ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கு 1967-இல் அவர்களுடைய பழைய ஆலயத்தில் நடந்தது.

கே: என் கணவரின் முன்னோர் ஜெர்மன் லுத்தரர். நகர மைய ஆலயத்தின் பழைய பதிவேட்டிலிருந்து அவர்களுடைய சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, விஸ்கான்சின்

ப: முடியும், அவசரப்படாவிட்டால். ஜெர்மனியிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அமெரிக்கப் பக்கத்தைத் தீர்த்த பிறகே கடல் தாண்ட வேண்டும்.

முதலில் எந்தச் சபை என்று உறுதி செய்யுங்கள். மாவட்ட அலுவலகத் திருமணப் பத்திரத்தில் நடத்திவைத்த போதகரின் பெயர் இருக்கும். அந்த ஆண்டின் நகர விவரப் புத்தகத்தில் அவர் எந்த ஆலயத்தவர் என்று பார்த்துவிடலாம். ஆலயம் மூடப்பட்டிருந்தால் பதிவேடு இணைந்த சபைக்கோ சினட் ஆவணக் காப்பகத்துக்கோ போயிருக்கும். மிசூரி சினட் சபை என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள கன்கார்டியா வரலாற்று நிலையத்தைக் கேளுங்கள். எழுதும்போது பெயர், தோராய ஆண்டு, எந்த நிகழ்வு என்ற மூன்றையும் சொல்லுங்கள். ‘எங்கள் குடும்பம் பற்றி எல்லாம்’ என்று கேட்டால் பதில் தாமதமாகும்.

பதிவேட்டில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம், திருவிருந்து எடுத்தவர்கள் என்று தனித்தனிப் பகுதிகள். எல்லோரும் ஞானஸ்நானப் பகுதிக்கு ஓடுவார்கள். ஊர்ப் பெயர் கிடைக்கும் வாய்ப்பு அடக்கப் பகுதியில்தான் அதிகம். அங்கே வயதை ‘61 வருடம், 4 மாதம், 12 நாள்’ என்று எழுதுவார்கள். இறந்த தேதியிலிருந்து முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியாக நாள் என்று கழித்தால் பிறந்த தேதி வரும். போதகர் எந்த வரிசையில் கணக்கிட்டார் என்பதைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். ஞானஸ்நானப் பகுதியில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள் இரண்டும் இருக்கும்; மாற்றி எழுதிக்கொள்ளாதீர்கள். ஞானப் பெற்றோரின் பெயரை விடாமல் குறியுங்கள். பெரும்பாலும் உறவினர் அல்லது அதே ஊர்க்காரர். உங்கள் ஆளுக்கு ஊர் எழுதாத போதகர் அவர்களுக்கு எழுதியிருப்பார்.

கையெழுத்து ‘குர்ரென்ட்’ என்ற பழைய பாணி. அதில் சிறிய ‘ஈ’ எழுத்து ‘என்’ போலவும், நீள ‘எஸ்’ ‘எஃப்’ போலவும் தெரியும். ‘யு’ எழுத்தின் தலையில் ஒரு வளைகோடு இருக்கும். அகரவரிசை அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரை அந்தப் போதகரின் கையில் முதலில் தேடுங்கள். அவருடைய எழுத்து பிடிபட்டுவிடும். மாதங்களில் ஒரு பொறி உண்டு. எண் 7-க்குப் பின் ‘பெர்’ என்று எழுதினால் ஜூலை அல்ல, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீன் எண்ணுப் பெயர்களிலிருந்து வந்த வழக்கம்.

பெயரிலும் கவனம் வேண்டும். ஒரே வீட்டில் நான்கு மகன்களும் ‘யோஹான்’ என்று தொடங்கலாம். அழைக்கும் பெயர் இரண்டாவது. கப்பல் பட்டியலில் ‘யோஹான் ஹைன்ரிக்’ என்று இருப்பவர் நகரப் புத்தகத்தில் ‘ஹென்றி’ ஆகிவிடுவார். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேர்வதுண்டு. ‘முல்லெரின்’ என்றால் முல்லர் வீட்டுப் பெண்.

‘பிரஷ்யா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஊர் அல்ல, பாதி ஜெர்மனி. ஊர்ப் பெயர் கிடைத்தாலும் அதே பெயரில் பல ஊர்கள் இருக்கும். 1912-இல் வந்த மேயர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியில் மாவட்டமும் திருச்சபை இருப்பும் பார்த்து வடிகட்ட வேண்டும். அதன் பிறகு ‘ஆர்க்கியோன்’ இணையதளத்தில் புராட்டஸ்டன்ட் பதிவேடுகளைத் தேடலாம், கட்டணம் உண்டு. ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பிறப்புப் பதிவு வந்தது 1876-இல்தான். அதற்கு முன் பெரும்பாலான பகுதிகளில் ஆலயப் பதிவேடே கதி. கப்பல் பட்டியலை நம்புகிறவர்களுக்கு ஒன்று: ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை இருக்கின்றன, பிரெமன் பட்டியல்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன.

கே: இத்தகைய ஆலயங்களில் கோபுரம் மட்டும் அடிக்கடி எரிந்து விழுவது ஏன்?
– வாசகர், தென் கரோலினா

ப: வெளியே செங்கல்லோ ஸ்லேட்டோ தெரிந்தாலும் கூர்கோபுரத்தின் உள்ளே மரச்சட்டம். அடியில் வெற்றுக் கூடு, நடுவில் மணி ஒலி வெளியேற விட்ட திறப்புகள். கீழே தீப்பொறி, மேலே திறப்பு. காற்று தானாகவே மேலே இழுக்கும். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே பிடித்த தீ கோபுரத்தை அடைந்த பிறகு தெருவிலிருந்து தண்ணீர் எட்டாது. உங்கள் சார்ல்ஸ்டனில் 1840-இல் நிறுவப்பட்ட செயின்ட் மேத்யூஸ் சபையின் ஆலயம் 1872-இல் முடிந்தது. 297 அடி கோபுரம் 1965 ஜனவரி 13 அன்று எரிந்து விழுந்தபோது அதன் நுனி தரையில் குத்திக்கொண்டது. இன்றும் அங்கேயே விட்டு வைத்திருக்கிறார்கள். மில்வாக்கியில் 1878-இல் கட்டிய டிரினிட்டி ஆலயம் 2018 மே மாதம் எரிந்து கோபுரங்களை இழந்தது.

பராமரிப்புக் குழுவில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: கூரை வெளிக்கும் கோபுரத்துக்கும் இடையே தீத்தடுப்புச் சுவரும் தானே மூடும் கதவும், கோபுரத்தின் உள்ளே தீயணைப்பு வண்டி தண்ணீர் ஏற்றக்கூடிய வெற்றுக் குழாய், கூரை வெளியில் புகை உணரி, இடிதாங்கிக் கம்பியின் இணைப்புகளை ஆண்டுதோறும் சோதிப்பது. ஈயம், செம்புத் தகடு ஒட்ட டார்ச் கொண்டு வரும் ஒப்பந்தக்காரர் வேலை முடித்ததும் கிளம்பிவிடக் கூடாது. குறைந்தது 1 மணி நேரம் ஒருவர் தீயணைப்பானோடு காவல் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நூறாண்டு உலர்ந்த மரம் உடனே எரியாது, முதலில் கனலும்.

கே: தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளுக்கும் இந்த அமெரிக்க சபைகளுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: ஊற்று ஒன்று. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும், 1742-இல் அமெரிக்கா போன ஹென்றி மூலன்பர்க்கும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே கல்வி, அறநிலை நிறுவனங்களோடு பிணைந்தவர்கள். இரு இடத்திலிருந்தும் போன கடிதங்களை ஹாலே தொடராக அச்சிட்டது. மூலன்பர்க்கை முதலில் வங்காளத்துக்கு அனுப்பத்தான் யோசனை இருந்தது, அது கைகூடவில்லை.

கே: ஜெர்மன் ஆராதனை இன்னும் நடக்கும் நகர மைய ஆலயம் உண்டா?
– வாசகி, மேரிலாந்து

ப: உங்கள் மாநிலத்திலேயே. பால்டிமோர் நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் உள்ள சீயோன் ஆலயம். சபை 1755-இல் தொடங்கியது; கட்டடம் 1808-இல் முடிந்து, 1840 தீயில் உள்ளே எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. 1835 முதல் 1896 வரை ஹைன்ரிக் ஷைப் ஒருவரே போதகர். அவர் நடத்திய ஜெர்மன்-ஆங்கிலப் பள்ளிக்கு நகரத்தில் நல்ல பெயர். ஆங்கில ஆராதனையோடு ஜெர்மன் ஆராதனையும் நடக்கிறது. போகுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலத்தில் புளிப்பு மாட்டிறைச்சியும் கொழுக்கட்டையும் பரிமாறும் சபை விருந்து நாளாக இருந்தால் ஆலயத்தைப் பார்ப்பதற்கு முன் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.